கடை உப்பு

பிரம்மதேசம்
9 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

பூவிழி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா? இங்கே அம்மாவின் கைக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று. வழுக்கி விழுந்தது களத்தில் இல்லை, பாத்ரூமில். நம் ரெண்டு வீட்டுக்கும் பாத்ரூமால்தான் கண்டம் போலிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் என்ன பேசினாலும் நீங்கள் "ம்" என்கிறீர்கள். மூன்றாவது "ம்"முக்கு எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அப்பா வேறு பக்கத்திலேயே உட்கார்ந்து "மாப்ள என்னா சொல்றாரு?" என்று கேட்கிறார். "ம் சொல்றாரு" என்றா சொல்வது? பேப்பரில் வெறும் "ம்" எழுதி அனுப்ப முடியாது இல்லையா, அதனால்தான். பஸ் கண்டக்டர் அரசப்பன் அண்ணன் உங்கள் கடை வாசலில்தானே டீ குடிக்கிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் வர எனக்கு மனசில்லை. அந்த ரோல் என்ன ஆச்சு?

எந்த ரோல் என்று கேட்காதீர்கள். உங்கள் அக்கா பையன் காதுகுத்துக்கு நீங்களே டிசைன் செய்து பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் கட்டினீர்கள். அதில் என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கன்னத்தில் ஆரம்பித்து காதோரமாகக் கழுத்துக்கு இறங்கும் என் வெள்ளைத் திட்டையும் காணோம், என் கறுப்பையும் காணோம். அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யார்ரா இவ, சினிமாக்காரியா?" என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

"பழக்கத்துல கை போயிடுச்சு" என்றீர்கள். கடைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் செய்வதை எனக்கும் செய்துவிட்டீர்களாம். என் போனும் அப்படித்தான், படம் எடுத்தால் முகத்தைத் தானாகவே மெழுகிவிடுகிறது. அப்புறம் நீங்களேதான் சொன்னீர்கள், "பிலிம்ல எடுக்கறேன், அதுல நான் எதையும் அழிக்க முடியாது" என்று. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில்கூட கடைசி வரிசையில் பக்கவாட்டில் நின்றவள் நான். உங்களை நம்பி, உப்பளத்து வரப்பில், அந்த வெயிலில், திட்டு இருக்கிற கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரோல் முழுக்க நான்தான். அதைக் கழுவினீர்களா, இல்லையா? அது ஒன்றைச் சொல்லுங்கள்.

அத்தையை நான் கேட்டதாகச் சொல்லவும்.

பூவிழி


மரக்காணம்
16 நவம்பர்

அன்புள்ள பூவிழிக்கு,

பாலகுரு. முதுகைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் அம்மா கையை ஆட்டாமல் வைத்திருக்கிறார்களா? மாமாவுக்கு என் வணக்கம்.

ரோலை இன்னும் கழுவவில்லை. அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று பார்க்கிறேன். கழுவுவது என்றால் சும்மா தண்ணீரில் அலசுவது இல்லை, உனக்கே தெரியும். டெவலப்பர் வேண்டும். அதைச் சென்னையிலிருந்து வரவழைத்தால் இந்த ஈரக் காற்றில் பாதி பாட்டிலுக்குள்ளேயே கெட்டுவிடுகிறது. அதனால்தான் காபியில் கழுவும் முறையைப் பிடித்துக்கொண்டேன். இன்ஸ்டன்ட் காபித் தூள், துணி வெளுக்கும் சோடா, வைட்டமின் சி பவுடர். மூன்றும் சேர்ந்தால் படத்தைக் கொண்டுவந்துவிடும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பெங்களூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் எல்லோரும் இதில்தான் கழுவுகிறார்கள்.

ஆனால் நம் ஊரில் ஒவ்வொன்றும் ஒரு தகராறு. போர் தண்ணீர் கரிக்கிறது, கேன் தண்ணீர் வாங்குகிறேன். அது வெயிலில் சூடாகிவிடுகிறது, ஐஸ் போடுகிறேன். கடையில் கிடைக்கும் காபித் தூளில் பாதி சிக்கரி, அது சரிப்பட்டு வராது. சிக்கரி கலக்காத தூள் பாண்டிச்சேரியில்தான் கிடைத்தது. சோடாவை டப்பாவில் போட்டு வைத்தால் ரெண்டே நாளில் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடுகிறது. அப்புறம் எடை போட்டால் எது சோடா, எது தண்ணீர் என்று தெரியாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. நம் உப்புப் பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாலகுரு


பிரம்மதேசம்
28 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அத்தையைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் தண்ணீருக்கு எட்டு வரி, சோடாவுக்கு எட்டு வரி, எனக்கு ஒரு வரி. சரி, அந்த ஒரு வரியையாவது நம்பலாம் என்று இருந்தேன். நேற்று அத்தை போன் செய்தார்கள். "ஊடு பூரா காபி அழுகின நாத்தம்மா. ஒரே ஒரு பாத்ரூம், அதுலயும் இவன் பூந்துக்கினு கதவத் தொறக்க மாட்டேங்கறான். நான் பக்கத்து ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை இந்தக் கூத்தாம்.

கழுவவில்லை என்கிறீர்கள். அப்படியானால் வாரத்துக்கு மூன்று முறை எதைத்தான் கழுவுகிறீர்கள்?

அம்மாவுக்கு இன்னும் கட்டு பிரிக்கவில்லை. பத்து நாள் முடிந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

பூவிழி


மரக்காணம்
21 டிசம்பர்

அன்புள்ள பூவிழிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் அம்மா கட்டைப் பிரித்தாயிற்றா?

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் பாத்திக்குப் போகத் தோன்றுகிறது. பாத்திக்குப் போனால் அங்கே வேலையே இல்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். வந்தால் மறுபடி பாத்ரூம்தான்.

நான் கழுவுவதெல்லாம் சோதனை ரோல். கொக்கையும் காலி மூட்டையையும் நம் தெரு நாயையும் எடுக்கிறேன், கழுவுகிறேன். எல்லாம் கறுத்துப்போய்த்தான் வருகிறது. படம் உள்ளே எங்கேயோ இருக்கிறது, மேலே இருட்டு மூடிக்கொள்கிறது. கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறதோ என்று கோணி அடைத்தேன். அப்படியும் கறுப்பு. வேறு கடையில் பிலிம் வாங்கினேன். அப்போதும் கறுப்பு. கடைசியில், கறுக்காமல் இருக்கப் போடுகிற உப்பை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுப் பார்த்தேன். சோடாத் தண்ணீரில் நம் உப்பு விழுந்ததும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்குகிறது. அது எதனால் என்றும் தெரியவில்லை.

ஏன் கறுக்கிறது என்று தெரியாமல் உன் ரோலைத் தொட மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும்.

பாலகுரு


பிரம்மதேசம்
3 ஜனவரி

உங்களுக்கு,

அம்மாவுக்குக் கட்டு பிரித்தாயிற்று. அத்தைக்குக் காய்ச்சல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது எப்படி இருக்கிறார்கள்?

நான் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன். நீங்கள் கழுவிவிட்டீர்கள். பார்த்துவிட்டீர்கள். பிளெக்ஸில் இருப்பவளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவளைப் பிடிக்கவில்லை. சொன்னால் நான் தாங்க மாட்டேன் என்று நாயையும் கொக்கையும் எழுதி அனுப்புகிறீர்கள்.

அப்படித்தான் என்றால் சொல்லிவிடுங்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா என்னை "இந்தப் பக்கம் திரும்பி ஒக்காரும்மா, வெளிச்சம் அங்க கூசுது" என்று உட்கார வைத்தாள். அதையே தாங்கிக்கொண்டவள் நான்.

பூவிழி


பிரம்மதேசம்
19 ஜனவரி

உங்களுக்கு,

பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை, என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அத்தை அனுப்பிய கருவாட்டு ஜாடி மட்டும் அரசப்பன் அண்ணன் கையில் வந்தது. அத்தைக்கு உடம்பு தேறிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஜாடி வாயைத் துணியால் மூடி, மேலே எதையோ இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தது. பிலிம். அம்மா அரிவாள்மணையில் அறுக்கப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இருட்டு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் உள்ளே உப்புக் குவியல் தெரிகிறது. குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கை, வளையல், புடவைக் கரை. அது நான் கட்டியிருந்த புடவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். "அந்தக் கறுப்பு நாடாவா? இவன் கழுவிட்டுக் கடாசறான், நான் எடுத்து வெச்சிப்பேன். கயிறு மாதிரி, நல்லா ஒழைக்குது" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

படம் கெட்டுப்போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. பால் திரிந்துபோகிறது, சோறு குழைந்துபோகிறது, பிலிமும் கெடும். அழிக்க முடியாது என்று சொல்லித்தானே என்னை நிற்க வைத்தீர்கள். ரோல் முழுக்க அழிந்துபோனதை மறைத்துவிட்டு, இத்தனை மாதம் "இன்னும் கழுவவில்லை" என்று எழுதினீர்களே. நானாக என்னென்னவோ நினைத்துக்கொண்டு, இங்கே கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் கிடந்தேன். அதற்குத்தான் கோபம்.

பூவிழி


மரக்காணம்
21 ஜனவரி

பூவிழி,

அரசப்பன் அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் இதை எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

எடுத்த அன்றைக்குச் சாயங்காலமே கழுவிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு அவசரம். கழுவுகிற டாங்க்கைத் திறந்தால் பிலிம் தார் பூசின மாதிரி இருந்தது. பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வெளியே நின்று "வந்துச்சா?" என்று கேட்டாய். "இது வேற ரோல்" என்று சொல்லிவிட்டேன்.

நீ நிற்க ஒத்துக்கொண்டது வாழ்க்கையிலேயே ஒரு தடவை. அதை நான் கெடுத்துவிட்டேன், மறுபடி வந்து நில் என்று எந்த முகத்தோடு கேட்பது? எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு ரெண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். கண்டுபிடிக்கவே முடியவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உன் மூன்றாம் தேதிக் கடிதத்துக்கு ஐந்தாறு தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். நீ நினைத்தது மாதிரி ஒன்றுமே இல்லை பூவிழி. நான் உன்னைப் பார்க்கவே இல்லை, அதுதான் என் துக்கம்.

குரூப்பில் சொன்னதை அப்படியேதான் செய்தேன். சோடா, வைட்டமின் சி, காபி, எல்லாம் தராசில் நிறுத்தேன். குறைந்த வெளிச்சத்திலேயே படம் பிடிக்கும் வேகமான பிலிம் என்றால் கறுத்துப்போகாமல் இருக்கக் கொஞ்சம் உப்பு போடச் சொன்னார்கள். அதற்கு நான் எங்கே போக வேண்டும்? நம் பாத்தி உப்பில் நல்ல வெள்ளையாகப் பொறுக்கி, இடித்துச் சலித்துப் போட்டேன். இதற்கு மேல் ஒருத்தன் என்ன செய்வான்?

அண்ணன் எழுந்துவிட்டார்.

பாலகுரு


பிரம்மதேசம்
30 ஜனவரி

அன்புள்ள உங்களுக்கு,

சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலையெல்லாம் செய்தேன். கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி போயிருக்கிறது.

இன்று ரசத்துக்கு உப்பு போட பாக்கெட்டைப் பிரித்தேன். அதன்மேல் "அயோடின் கலந்த உப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற பாக்கெட்தான், இன்றைக்குத்தான் படித்தேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதே மாதிரி ஒரு பாக்கெட் வாங்கி வந்தேனே, நினைவிருக்கிறதா? அத்தை அதை வாசற்படி தாண்ட விடவில்லை. "உப்பளத்துக்காரன் ஊட்ல கடை உப்பா? எவனாச்சும் பாத்தா காறித் துப்புவான்" என்றார்கள். அன்றிலிருந்து நம் அடுப்படியில் அந்த அடுக்குப் பானையில் இருக்கும் நம் பாத்தி உப்புதான்.

உங்கள் குரூப்பில் உப்பு போடச் சொன்ன பெங்களூர்க்காரர் வீட்டில் இருப்பது எந்த உப்பு? கோயம்புத்தூர்க்காரர் வீட்டில்? எல்லோர் வீட்டிலும் இந்தப் பாக்கெட்தானே இருக்கும். அதனால்தான் என்ன உப்பு என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பிலிமுக்கும் அயோடினுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கேமராவை ஒரு ரோல் போட்டு அரசப்பன் அண்ணனிடம் கொடுங்கள். கழுவுகிற சாமானும் வேண்டும். இந்தத் தடவை நீங்கள் எடுக்க வேண்டாம், நீங்கள் கழுவவும் வேண்டாம். கெட்டால் என் கையால் கெடட்டும். எப்படிக் கலக்க வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். ஒன்றையும் விடாமல், ஒளிக்காமல்.

பூவிழி


மரக்காணம்
6 பிப்ரவரி

அன்புள்ள பூவிழிக்கு,

அம்மா சுகம், நான் சுகமா என்று உன் பதில் வந்ததும் சொல்கிறேன்.

குரூப்பில் கேட்டேன். சிரிக்கிறார்கள். கறுப்பை அடக்குவதே அந்த அயோடின்தானாம். "உப்புன்னா கடை உப்புதான், வேற எந்த உப்பு இருக்குது?" என்று பெங்களூர்க்காரர் கேட்கிறார். எங்கள் வீட்டில் இருக்குது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நம் உப்பில் சுண்ணாம்பு மாதிரி வேறு ஏதேதோ இருக்கிறதாம், தண்ணீர் கலங்கியது அதனால்தானாம். அம்மாவிடம் சொன்னேன். "எங்க உப்பு கறுக்க வெக்குதா? போடா" என்று ரெண்டு நாளாகப் பேசவில்லை.

கேமரா, டாங்க், கழுவிய படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ எல்லாம் பையில் இருக்கிறது. சோடாவையும் வைட்டமின் சியையும் நிறுத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். காபியும் வைத்திருக்கிறேன், ஒரு தடவைக்கானது. உப்பு மட்டும் உன் வீட்டுப் பாக்கெட்டிலிருந்து அரை டீஸ்பூன்.

பிலிமை டாங்க்குக்குள் இருக்கும் சக்கரத்தில் ஏற்றுவதை மட்டும் கும்மிருட்டில் செய்ய வேண்டும். நகம் அளவு வெளிச்சம்கூட ஆகாது. அதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கை பழக்கிக்கொள். அந்தக் கருவாட்டு ஜாடி நாடாவை வைத்தே பழகலாம். விளிம்பை இடுக்கில் கொடுத்து, ரெண்டு கையையும் மாற்றி மாற்றித் திருப்பினால் தானாகவே ஏறும். தடைபட்டால் அழுத்தாதே. நிறுத்தி, மூச்சு விட்டு, பின்னால் இழுத்து மறுபடி கொடு. டாங்க் மூடியைத் திருகிவிட்டால் அப்புறம் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம்.

பானைத் தண்ணீர் எடுத்துக்கொள், அந்தக் குளிர்ச்சி போதும். முதலில் சோடா. அடியில் ஒரு துளிகூட இல்லாமல் கரைய வேண்டும். அப்புறம் வைட்டமின் சி, அது நுரைத்துக்கொண்டு பொங்கும், பயப்படாதே. அப்புறம் உப்பு. கடைசியில்தான் காபி. காபியை முதலில் போட்டால் எது கரைந்தது, எது கரையவில்லை என்று தெரியாது. நுரை அடங்கும்வரை இரு. கலக்கியதை வைத்திருக்காதே, உடனே ஊற்று. உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் இருக்க டாங்க்கைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டு. பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்து, குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி. கொட்டிவிட்டு ரெண்டு தடவை தண்ணீரில் அலசி, ஹைப்போ. ஹைப்போ முடியாமல் மூடியைத் திறக்காதே. நான் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு எட்டிப் பார்ப்பேன். நீ பார்க்காதே.

எதையும் ஒளிக்கவில்லை. ஒன்றைத் தவிர. கேமராவைப் பையில் வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

பாலகுரு


பிரம்மதேசம்
25 பிப்ரவரி

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவின் கை நன்றாகவே இருக்கிறது, அதற்குச் சாட்சி இந்த உறையில் இருக்கிறது.

படம் எடுத்தது அம்மா. கேமராவைத் தூக்கப் பயந்தாள். "ஒடைஞ்சா உங்க வூட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வழக்கம் போலத் திட்டு இல்லாத பக்கத்தைத் திருப்பச் சொல்வாள் என்று நானே திரும்பிக்கொண்டேன். அவள் கேமராவுக்குள் பார்த்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் இருட்டா இருக்குதுடி. இப்டித் திரும்பு, இங்கதான் வெளிச்சம்" என்றாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. நான் திரும்பினேன்.

கழுவியது நெல் மூட்டை வைத்திருக்கும் அறையில். ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்கில் சாக்கு. அப்பா வாசலில் நாற்காலி போட்டுக் காவல். பிலிம் பாதியில் சிக்கிக்கொண்டது. அழுத்தாமல் மூச்சு விட்டேன். நீங்கள் பக்கத்தில் இருப்பது மாதிரி இருந்தது, திட்டிக்கொண்டேதான் ஏற்றினேன். காபி கலந்ததும் வந்த நாற்றத்துக்கு அப்பா, "மாப்ள இத்த வெச்சிக்கினு எப்டிம்மா குடித்தனம் பண்றாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹைப்போ முடியும்வரை திறக்கவில்லை. நான் உங்களை மாதிரி இல்லை.

கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு வெயிலில் பார்த்தேன். தார் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணின் கருவிழி வெள்ளை, முடி வெள்ளை, தோல் வெள்ளை, பல் கறுப்பு. கன்னத்திலிருந்து கழுத்துவரை, திட்டு கறுகறுவென்று இறங்குகிறது. நெகடிவ் தலைகீழாகத்தான் இருக்கும் என்று தெரியும், ஆனாலும் திடுக்கென்றது. அப்புறம் தோன்றியது, வெள்ளைத் தோலில் கறுப்பாக இருந்தால் அதற்குப் பெயர் மச்சம். அதிர்ஷ்டக்காரி என்பார்கள். கறுப்புத் தோலில் வெள்ளையாக இருப்பதால் வியாதி, தேமல், "அந்தப் பக்கம் திரும்பு." அவ்வளவுதானா இது? இதற்காகவா இத்தனை வருஷம் பக்கவாட்டில் நின்றேன்? கொடிக்குக் கீழே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பிலிமை அனுப்பியிருக்கிறேன். கடையில் ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுங்கள். சாம்பிள் போட்டோ மாட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டியில், அந்த வெள்ளை முகங்களுக்கு நடுவில் மாட்டுங்கள். எதையும் தொடாமல். உங்களால் முடியாது என்றால் பிலிமைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

பூவிழி


மரக்காணம்
8 மார்ச்

அன்புள்ள பூவிழிக்கு,

அம்மாவும் நானும் சுகம். பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்கித் தண்ணீர் கட்டியாயிற்று. ஓரத்தில் உப்பு பூக்க ஆரம்பித்துவிட்டது.

உன் பிலிமை ஸ்கேனரில் வைத்தேன். கம்ப்யூட்டரில் நீ நேராக வந்து உட்கார்ந்தாய், கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக. நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கை பாட்டுக்கு மவுஸை நகர்த்திக்கொண்டு போய் முகம் மெழுகுகிற பட்டன் மேல் நிற்கிறது. நான் நினைக்கவே இல்லை, கை போய்விட்டது. எனக்கே என் மேல் பயமாகிவிட்டது. கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் பாத்திக்கு நடந்தேன். நீ நின்ற வரப்புவரை போய், அங்கேயே நின்றேன். திரும்பி வந்து, மவுஸைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, கீபோர்டிலேயே பிரிண்ட் கொடுத்தேன்.

கண்ணாடிப் பெட்டியில் நடுவில் மாட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே நெகடிவையும் ஒட்டிவிட்டேன். எவனாவது நான் ஏதாவது செய்திருப்பேன் என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். டீக்கடை நடராசன், "இன்னாபா, அப்டியே மாட்டிட்ட?" என்றார். "அப்டியேதான் இருக்கா" என்றேன்.

மதியம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். மூக்குக் கண்ணாடி போடாமல்தான் வந்தாள். பிளெக்ஸில் ரெண்டு ஆள் உயரத்துக்கு இருந்தவளை யார் என்று கேட்டவள் அவள்தானே. உள்ளங்கை அகலப் படம், அதுவும் தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டு, "ஏண்டா, பூவிழி எப்போ வந்தா? எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எங்கடா அவ?" என்று கேட்கிறாள்.

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீயே சொல்.

பாலகுரு


பிரம்மதேசம்
10 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

காலை பஸ்ஸில் இது வரும். சாயங்கால பஸ்ஸில் நான். பையில் ஒரு கிலோ பாக்கெட் உப்பு இருக்கிறது, பிலிமுக்கு மட்டும்தான், அடுப்படிக்குப் போகாது என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாத்ரூமைக் கழுவி வைக்கவும்.

அத்தை மறுபடி கேட்டால், "இன்னும் வரலை, வந்துக்கினு இருக்கா" என்று சொல்லுங்கள்.

அரசப்பன் அண்ணன் விசில் ஊதிவிட்டார்.

பூவிழி